பிஸ்கோத்து டப்பாவில் பாட்டி

நவராத்திரிக்குப் பரண்மேலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். கூடவே ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவும் இறங்கி வந்தது. உள்ளே என்ன தெரியுமோ? பழைய போட்டோ நெகடிவ் சுருள்கள்!

"இந்தக் குப்பை எதற்கு? படமெல்லாம்தான் ஆல்பத்தில் இருக்கிறதே!" என்றார் என் மாமியார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம், சகோதரிகளே. தயவு செய்து எறிந்து விடாதீர்கள்! காரணம் சொல்கிறேன். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 36க்கு 24 மில்லிமீட்டர். அதை 10க்கு 8 அங்குலக் காகிதம் நிறைய அச்சிட்டால் நீளத்தில் 6 மில்லிமீட்டர் வெட்டுப்பட்டுப் போகும். ஸ்டூடியோக்காரர்மேல் பழியில்லை, காகிதத்தின் வாகு அப்படி.

எங்கள் கூடத்தில் 1987-ல் எடுத்த படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மாமன் மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது என் கணவர் வீறிட்டு அழுகிறார். ஓரத்தில் யாரோ ஒருவரின் புடவைத் தலைப்பு. அந்த 'யாரோ' யார் என்பது நெகடிவை ஸ்கேன் செய்தபோதுதான் தெரிந்தது. என் மாமியாரின் அம்மா! வெற்றிலைத் தட்டும் கையுமாக, பேரன் அழுகிறானே என்றுகூட இல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு வேறு படமே கிடையாது.

வேலை ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் காகிதம் ஸ்கேன் செய்யும் சாதாரண இயந்திரம் இதற்கு உதவாது. நெகடிவுக்குள் வெளிச்சம் ஊடுருவி வரவேண்டும். ஆகவே மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் தேவை. அங்குலத்துக்கு 2400 புள்ளி என்று வைத்தால், படத்துக்குச் சுமார் 77 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். வீட்டுக்கு அது தாராளம். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து மிரளாதீர்கள். 'கலர் நெகடிவ்' என்று குறித்துவிட்டால் நிறங்களை அதுவே மாற்றிக் கொடுத்துவிடும்.

ஸ்கேனர் இல்லையா? செல்போன் காமிராவும் ஒரு வெளிச்சப் பலகையும் போதும். இன்னொரு செல்போனின் திரையையே விளக்காக்குவதானால், பிலிமை நேரே அதன்மேல் வைக்க வேண்டாம். திரையின் புள்ளிகளும் படத்தில் விழும். நடுவில் பால் நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

பிலிம் ஓரத்து எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். மறந்தால், பந்தியில் அத்தனை பேரும் இடது கையால் சாப்பிடுவார்கள்! தூசியைப் புடவைத் தலைப்பால் துடைப்பது கூடவே கூடாது. மெல்லிய தூரிகையே போதும். இயந்திரத்தின் தூசி நீக்கும் வசதி கலர் பிலிமுக்குத்தான். கறுப்பு வெள்ளையில் படமாக இருக்கும் வெள்ளித் துகள்களையே அது தூசி என்று எண்ணிவிடும்.

ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் டப்பாவில் இரண்டு சுருள்களைப் பிரித்ததுமே குப்பென்று வினிகர் நெடி. உஷ்ணத்திலும் ஈரக் காற்றிலும் அஸிடேட் பிலிம் சிதைந்து அமிலம் விடுகிறது. மூடிய டப்பாவில் அது பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். நெடி வருவதை உடனே தனியாக எடுத்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். எங்கள் இரண்டும் சுருங்கி நெளிந்து, ஒரு முகம்கூடத் தேறவில்லை. அவற்றில் யார் யார் இருந்தார்களோ?

மாமியார் கம்ப்யூட்டர் முன் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னும் எத்தனை சுருள் பாக்கி?" என்று கேட்டார்.