நொதியின் வாசலில் ஒரு போட்டி



அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் வண்ணப்பூச்சுப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், தாகத்தில் தண்ணீர் பாட்டில் என்று எண்ணித் தின்னரை இரண்டு மிடறு விழுங்கிவிட்டார். யாரோ அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தார்கள். அதில் மெத்தனால் கலந்திருப்பதை அறிந்த மருத்துவர், முறிமருந்து வந்து சேரும் வரை எத்தனால் கொடுக்க வேண்டும் என்றார். இஷாவுக்குப் பின் இளைஞரின் தந்தை எனக்குத் தொலைபேசி செய்தார்.

"ஹஜ்ரத், எத்தனால்னா சாராயம்தானே? என் பிள்ளை வாழ்நாள்ல தொட்டதில்லையே!"

"டாக்டர் சொல்றதை உடனே செய்யச் சொல்லுங்க. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மேல குற்றமில்லைன்னு அல்லாஹ்வே சொல்லியிருக்கான்" என்றேன். அல்ஹம்து லில்லாஹ், பிள்ளை பார்வைக்குச் சேதமின்றி வீடு திரும்பினார்.

மார்க்கத்தின் விடை எனக்குத் தெரிந்திருந்தது. மருத்துவத்தின் விடை தெரியவில்லை. நான் வரலாறு படித்த பி.ஏ. ஒரு சாராயத்தின் நஞ்சை மற்றொரு சாராயம் எவ்வாறு தடுக்கும்? உயிர்வேதியியல் பயிலும் என் தம்பி மகளிடம் கேட்டேன். "பெரியத்தா, மெத்தனால் அப்படியே இருந்தா அவ்வளவு கெடுதி இல்லை. நம்ம கல்லீரல்தான் அதை விஷமா மாத்துது" என்று தொடங்கினாள்.

நம் உடலில் பெரும்பாலான இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்துவதற்கு நொதி, அதாவது என்சைம், என்னும் புரதம் உண்டு. மாற்றத்துக்கு உள்ளாகும் பொருளைத் தளப்பொருள் என்பர். கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. கண் நரம்பைக் கெடுப்பதும் உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் இந்த அமிலமே. எத்தனாலும் இதே நொதியின் இதே இடத்தில்தான் வந்து அமரும். அந்நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலின் மீது நாட்டம் பன்மடங்கு அதிகம். ஆகவே எத்தனால் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மெத்தனால் நஞ்சாக மாறாமல் வெளியே காத்துக் கிடக்கிறது. இதுவே போட்டித் தடை.

ஆவடி ரயில் நிலையத்துப் பயணச்சீட்டு முகப்பை எண்ணிப் பாருங்கள். சீட்டு வாங்காமல் விசாரிப்பதற்கு மட்டும் வந்தவர்கள் வரிசையில் கலந்தால் வேலை மந்தமாகும். ஆனால் சீட்டு வாங்குவோர் ஆயிரக்கணக்கில் திரண்டால், விசாரிப்பவர் அக்கூட்டத்தில் கரைந்துபோவர். முகப்பு ஏறக்குறைய முழு வேகத்துக்கு வந்துவிடும். மாறாக, பத்து முகப்புகளில் ஐந்தில் இயந்திரம் பழுதானால்? எத்தனை பேர் திரண்டாலும் பாதி வேகத்துக்கு மேல் போகாது. அது போட்டியற்ற தடை. அங்கே தடுப்பான், தளப்பொருள் அமரும் இடத்துக்குப் போட்டியிடுவதில்லை. வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நொதியையே செயலிழக்கச் செய்கிறது.

இவற்றை அளந்து பார்க்கும் கணக்கை 1913இல் பெர்லினில் லியோனர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து சென்ற மாட் மென்டன் என்னும் பெண்மணியும் வகுத்தளித்தனர். நொதியின் உச்ச வேகம் ஒன்று. அதில் பாதி வேகத்தை எட்டுவதற்குத் தேவையான தளப்பொருளின் அளவு மற்றொன்று. இவ்வளவை கே.எம். என்பர். உச்ச வேகம் 100, கே.எம். 2 என்று வைத்துக்கொள்வோம். தளப்பொருள் 2 இருந்தால் வேகம் 50. போட்டித் தடுப்பான் ஒன்று கே.எம்.மை 6 ஆக உயர்த்தினால் வேகம் 25 ஆகக் குறையும். போட்டியற்ற தடுப்பான் ஒன்று உச்ச வேகத்தைப் பாதியாக்கினாலும் அதே 25தான். இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன அல்லவா? இனித் தளப்பொருளை 18 ஆக்குங்கள். தடையில்லாவிடில் வேகம் 90. போட்டித் தடையில் 75. போட்டியற்ற தடையில் வெறும் 45. முன்னதில் உச்ச வேகம் மாறாமல் கே.எம். உயர்கிறது, பின்னதில் கே.எம். மாறாமல் உச்ச வேகம் குறைகிறது. என் தம்பி மகள் இதை மதரஸாவின் பழைய வருகைத் தாளின் பின்புறம் எழுதிக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கிற்று. சூத்திரத்தை மட்டும் தந்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

இக்கணக்கில் மருத்துவர்க்கு ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. கூட்டம் பெருகினால் போட்டியாளர் தோற்பார். உடலில் மெத்தனால் மிகுந்திருந்தால் தடை தளரும். அன்றியும் தடுப்பதனால் மெத்தனால் மறைந்துவிடுவதில்லை. ஆகவே கடுமையான நிலையில் டயாலிஸிஸ் செய்து அதை இரத்தத்திலிருந்து வெளியேற்றுகின்றனர். எத்தனாலையும் கல்லீரல் கரைத்துவிடுவதால் அளந்து அளந்து மீண்டும் கொடுக்க வேண்டும், மயக்கமும் உண்டாகும். ஃபோமெபிசோல் என்னும் மருந்து அதே இடத்தை உறுதியாகப் பற்றிக்கொள்ளும், போதை தராது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு மெத்தனால் நஞ்சுக்கு இதை அனுமதித்தனர். இது கைவசம் இருக்குமிடத்தில் அந்தத் தந்தையின் கேள்விக்கே இடமில்லை.

கள்ளச்சாராயச் சாவுகளின் ஒரு புதிரும் இதனால் அவிழ்கிறது. மெத்தனால் குடித்தவர் பல மணி நேரம் நலமாகவே தோன்றுவார். கூடவே எத்தனாலும் இருந்தால் இன்னும் தாமதமாகும். "நேற்று குடித்தவனுக்கு இன்றுதான் கண் மங்குகிறது" என்பர். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மெத்தனால், பூந்தமல்லிச் சாலையில் நமக்கு அண்மையிலுள்ள வானகரத்து இரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சென்றது எனக் காவல்துறை அறிவித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2020இல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி மெத்தனால் குடித்து நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர்.

போட்டியற்ற தடைக்குப் பாடநூல்கள் காட்டும் உதாரணம் ஈயம், பாதரசம் முதலிய கன உலோகங்கள். (கலப்பில்லாத போட்டியற்ற தடை அரிது என்பதையும் அவள் சொல்லத் தவறவில்லை.) பழைய பேட்டரி உடைக்கும் இடங்களில் பறக்கும் ஈயம், இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீம் உருவாகும் வழியிலுள்ள நொதியை முடக்குகிறது. அந்நொதிக்கு உரிய தளப்பொருள் தேங்கிச் சிறுநீரில் வழிந்தோடும். ஆயினும் வேலை நடவாது. கூட்டம் நிற்கிறது, முகப்பு திறக்கவில்லை! இங்கே தளப்பொருளைக் கூட்டிப் பயனில்லை. ஈயத்தையே பற்றியிழுத்து வெளியேற்றும் மருந்து வேண்டும். நம் வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. கடையில் விற்கும் சில சுருமாக்களில் ஈய சல்பைடு இருப்பதை ஆய்வுகள் கண்டறிந்துள்ளன. குழந்தை கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும்போது அது உள்ளே செல்கிறது. ஈயமில்லை எனச் சோதித்ததற்குச் சான்றில்லாத சுருமாவைப் பிள்ளைகளுக்கு இடாதீர்கள், சகோதரிகளே.

தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்க வேண்டாம். எவரேனும் தவறிக் குடித்துவிட்டால், நலமாகத்தான் இருக்கிறார் என்று காத்திராமல், வீட்டு வைத்தியமும் செய்யாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். குடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்த இளைஞரின் நண்பர் அதை எடுத்துச் சென்றிருந்ததால்தான் மருத்துவருக்கு மெத்தனால் என்பது உடனே தெரிந்தது.

வஸ்ஸலாம்.