வாலிபர் பக்கம்: கோபம் மட்டும் போதுமா?



சென்ற மாத வாலிபர் ஐக்கியத்தில் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தை வாசித்தோம். ஞாயிறு பாடசாலையில் நமக்கு யாரும் சொல்லித் தராத அதிகாரம் அது. தாவீதின் மகன் அம்னோன், தன் சகோதரி தாமாரைப் பலவந்தம் செய்த சம்பவம். "தவறு யாருடையது?" என்று கேட்டோம். "அம்னோனுடையது" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரியான பதில்தான். ஆனால் திரும்பவும் வாசித்தபோது இன்னும் மூன்று பேர் கண்ணில் பட்டார்கள்.

முதலாவது யோனதாப். அம்னோனின் சிநேகிதன். நோயாளியைப்போல் நடித்து தாமாரை வரவழைக்க யோசனை சொன்னவன். அவன் அவளைத் தொடவில்லை. வழி மட்டும் காட்டினான். இரண்டாவது, தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம். அழுதுகொண்டு வந்த தங்கையிடம், குடும்பத்தைக் காரணம் காட்டிப் பேசாமலிருக்கச் சொன்னான். மூன்றாவது தாவீது ராஜா. அவனுக்குக் கடுங்கோபம் வந்தது. ஆனால் மகனைத் தண்டித்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.

தாமாரோ, தகப்பன் சொன்னதால் போனாள். போனது சகோதரன் வீடு. உடுத்தியிருந்தது ராஜகுமாரத்திகளின் அங்கி. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னாள். "ஏன் அங்கே போனாள்? என்ன உடுத்தியிருந்தாள்? ஏன் மறுக்கவில்லை?" என்று நாம் இன்றும் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் பதில் அங்கேயே உண்டு. அப்படியும் பாழாய்ப்போனது அவள் வாழ்க்கைதான். ஒருவன் செய்யும் குற்றத்தைப் பலர் சேர்ந்து சகஜமாக்குவதைத்தான் இன்று 'ரேப் கல்ச்சர்' என்கிறார்கள்.

இது அரண்மனையோடு முடியவில்லை. 2021இல் இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு நிறுவனமான ஆஃப்ஸ்டெட், 32 பள்ளிகள், கல்லூரிகளில் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு பேசியது. விரும்பாத ஆபாசப் படங்களும் வீடியோக்களும் தங்களுக்கோ தங்கள் வயதினருக்கோ அடிக்கடி அல்லது சிலவேளைகளில் அனுப்பப்படுவதாகப் பெண்பிள்ளைகளில் ஏறக்குறைய 90 வீதமானோர் சொன்னார்கள். சொல்லிப் பயனில்லை என்று பிள்ளைகள் பலர் நினைத்ததையும் அந்த அறிக்கை பதிவு செய்தது.

எங்கள் பிழையையும் மறைக்கக்கூடாது. சில வருடங்களுக்கு முன் நம் பையன்களின் வாட்ஸ்அப்பில் ஒரு தங்கையின் படம் சுற்றியது. அழிக்கச் சொன்னோம். ஜெபித்தோம். பிறகு அந்தத் தங்கையை அழைத்து, இனிக் கவனமாக இரு என்று புத்தி சொன்னோம். அனுப்பிய தம்பியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளையாம். அவன் தொடர்ந்து ஆராதனையில் கிட்டார் வாசித்தான். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

தம்பிமாரே, இந்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்மதம் என்பது சுதந்திரமாக, முடிவெடுக்கக்கூடிய நிலையில் இருந்து, தானே தெரிந்தெடுத்து இணங்குவது. பயத்தில் பேசாமலிருப்பது சம்மதமல்ல. 18 வயதுக்குட்பட்டவரின் நிர்வாணப் படத்தைப் பகிர்வது குற்றம், பகிர்பவருக்கும் அதே வயதென்றாலும். குரூப்பில் அசிங்கமான பகிடி வந்தால், "இது சரியில்லை, அழி" என்று ஒருவர் எழுதுங்கள். அம்னோனுக்கு அப்படி ஒரு சிநேகிதன் இருந்திருந்தால்?

பெற்றோரே, பிள்ளை சொல்ல வந்தால் உங்கள் முதல் வார்த்தை, "உன்னில் பிழையில்லை" என்பதாக இருக்கட்டும். சனம் என்ன சொல்லும் என்பதைப் பிறகு பார்க்கலாம். மகளுக்குச் சொல்லும் புத்தியை மகனுக்கும் சொல்லுங்கள்.

தங்கைமாரே, சபையின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லலாம். சைல்ட்லைன் 0800 1111, கட்டணமில்லை. 18 வயதுக்குட்பட்டவர்களின் படம் இணையத்தில் பரவினால், 'ரிப்போர்ட் ரிமூவ்' சேவை மூலம் அகற்றக் கேட்கலாம். போலீசுக்குப் போவதென்றால் நாங்களும் கூட வருவோம்.

கூட்டம் முடிந்த வாரம் அந்தத் தங்கையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "அண்டைக்கே கேட்டிருக்கலாமே" என்றாள். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவள் சம்மதம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.