ஏசிக்கு முன்னால் ஓட்டையை அடையுங்கள்

சித்திரை, வைகாசியில் சேலம், நாமக்கல் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. ஆனால் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் போகிறவர்கள் படும் பாடு வெயிலால் மட்டும் வருவதில்லை. மார்கழி அதிகாலையிலும் கால் பக்கம் சுடுகிறது என்றால் அதற்குச் சூரியன் என்ன செய்வான்?

நம் ஊரில் இதற்கு இரண்டு வைத்தியம் சொல்வார்கள். ஒன்று, பெரிய ஏசி மாட்டுவது. மற்றொன்று, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும். டீசலும் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். உள்ளே வரும் அனல் மட்டும் குறையாது. பெரிய ஏசியோ, ஓட்டைப் பானையில் ஊற்றும் தண்ணீர்.

முதலில் ஹீட்டரைப் பாருங்கள். இன்ஜினின் கொதிநீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்கு வராமல் தடுப்பது ஒரு வால்வு. அதன் கேபிள் தளர்ந்தால் வால்வு முழுதாக மூடாது. குளிர் பக்கம் தள்ளிய பிறகும் வால்வுக்கு அப்பால் உள்ள ஹோஸ் சுட்டால் குற்றவாளி அதுதான். ஹீட்டரே வேண்டாதவர்கள், இன்ஜின் ஆறிய பின் மெக்கானிக்கிடம் சொல்லி, போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் இன்ஜின் பக்கமே இணைத்துவிடலாம். ஏற்காட்டுப் பனியில் கண்ணாடி தெளிய ஹீட்டர் வேண்டும் என்பவர்கள் வால்வை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஓட்டைகள். இந்த வண்டிகளில் கியர் ராடோடு ஃபோர் வீல் ராடும் தரையைத் துளைத்து வருகிறது. அவற்றின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அடியிலிருக்கும் அனல் நேராக மடியில் ஏறும். இரவில் பானட்டுக்குள் ஒரு விளக்கை எரியவிட்டு, உள்ளே குனிந்து பெடல் பக்கம் பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சூடு வரும் இடம். வயர், கேபிள் நுழையும் துளைகளுக்குப் புது ரப்பர் போட அதிகச் செலவில்லை. சைலன்சர் குழாய்க்கு மேல் இருந்த தகரத் தடுப்பு துருப்பிடித்து விழுந்திருந்தால் அதையும் திரும்பப் போட வேண்டும். அந்த இடத்தில் சாதாரண ஸ்பாஞ்சை ஒட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

இதை வெறும் சௌகரியம் என்று தள்ளிவிடக் கூடாது. அனல் வரும் வழியில் புகையும் வரும். சைலன்சர் குழாயில் ஒழுகல் இருந்தால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் போகிறவர்களைத்தான் முதலில் பிடிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், சிறிய கியரில் ஏறும் வண்டியில் டிரைவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் கேபினுக்கு, 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகளில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிய லாரிகளுக்கு அது பொருந்தாது. லாரிக்கு பாடி கட்டுவதில் பேர் பெற்ற நாமக்கல்லின் பட்டறைகளுக்கு ஓட்டை அடைப்பதும் தடுப்பு போடுவதும் பெரிய வேலையே அல்ல. எஃப்.சி.க்கு பெயின்ட் அடிக்கும்போதே டிரைவரின் கால் பக்கத்தையும் பார்த்துவிட்டால், இரவெல்லாம் ஓட்டுகிறவருக்கு அது பெரிய உபகாரம்.