ரத்து வேறு, விவாகரத்து வேறு



கடந்த வாரம் கிருலப்பனையில் 138 பஸ் ஏறினேன். பின் இருக்கையில் ஓர் அம்மா போனில் மகளுக்குச் சொன்னார்: “டிவோஸ் வேண்டாம் பிள்ளை. கலியாணத்தை ரத்துச் செய்தால் பேர் கெடாது.” பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள்.

ஆனால் விருப்பப்படி ரத்துக் கேட்க முடியாது. இலங்கையின் பொது விவாகச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. தொடக்கத்திலேயே செல்லாத திருமணத்தைத்தான் மாவட்ட நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்து ரத்துச் செய்யும்: முதல் திருமணம் நிலைத்திருப்பது, விலக்கப்பட்ட உறவுமுறை, 18 வயது நிரம்பாமை போன்றவை. மற்றதெல்லாம் விவாகரத்து. அதற்கும் மூன்றே காரணங்கள்: திருமணத்துக்குப் பின் பிறரோடு உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், மணநாளிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. கடைசிக் காரணம் இந்தியாவின் 1955 இந்துத் திருமணச் சட்டத்தில் ரத்துக்குரியது, இங்கே விவாகரத்துக்குரியது. சென்னைச் சீரியல் பார்த்துப் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது.

“ஒத்துவரவில்லை” என்பது மட்டும் இங்கே காரணமாகாது. ஆகவே மனமொத்துப் பிரிய விரும்பும் இருவரில் ஒருவர் மற்றவர்மேல் குற்றம் சுமத்த வேண்டியிருக்கிறது. ஆனால் கண்டிச் சட்டப்படி மணந்தவர்கள் பரஸ்பர சம்மதத்துடன் மாவட்டப் பதிவாளரிடமே பிரியலாம்.

அதே வழியை நமக்கும் திறந்துவிடுமாறு நீதி அமைச்சைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, பெற்றோரே, ரத்தா விவாகரத்தா என்பதை அயலவரிடம் அல்ல, சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஒரு வாசகி,
கிருலப்பனை.