சதுப்பு நிலத்துக்கு மடை இல்லை, வயலுக்கு உண்டு

தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் இருக்காது. அந்தச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மக்கிய பொருட்களைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. சதுப்பு நிலத்திலும் நெல் வயலிலும் நடப்பது இதுதான்.

இயற்கையாக வெளியேறும் மீத்தேனில் பெரும்பங்கு சதுப்பு நிலங்களிலிருந்து வருகிறது. பூமி சூடேறினால் நுண்ணுயிரிகள் வேகமாக இயங்கும், மீத்தேன் கூடும், அது பூமியை மேலும் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீத்தேன் அதே அளவு கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

இதற்காகப் பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலங்களை வடித்துவிடக் கூடாது. அவை வெள்ளத்தைத் தாங்குகின்றன. கரிமத்தை மண்ணிலேயே சேமித்தும் வைக்கின்றன. ஆனால், நெல் வயலின் மடை நம் கையில் இருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறை நமக்குப் புதிதல்ல. 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் அடிப்பாதியில் துளையிட்டு, அந்தப் பாதியை வயலில் புதைக்க வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. முறையாகச் செய்தால் மீத்தேன் ஏறத்தாழ பாதியாகக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். காய்ந்த வயலில் யூரியா இட்டால், உடனே தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும்.

பிறகு ஏன் இது பரவவில்லை? கடைமடை விவசாயி கேட்பது ஒரே கேள்விதான்: 'இருக்கிற தண்ணீரை வற்றவிட்டால், அடுத்த முறை எப்போது வரும்?' பதில் தெரியாதவர் வயலில் தண்ணீரைத் தேக்கித்தான் வைப்பார். இலவச மின்சாரத்தில் பம்புசெட் ஓட்டுபவருக்கோ, தண்ணீரை மிச்சப்படுத்துவதால் கையில் காசு மிஞ்சுவதில்லை. சம்பாவில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, பள்ளக்கால் வயலைக் காயவைக்க யாராலும் முடியாது.

எனவே, விவசாயியைக் குறை சொல்வதில் பயனில்லை. குறுவையிலும் நவரையிலும் தொடங்கலாம். ஆற்றுப் பாசனப் பகுதிகளில் முறைப்பாசனத் தேதிகளை முன்கூட்டியே அறிவித்து, அதன்படி தண்ணீர் விட வேண்டும். மீத்தேனைக் குறைக்கும் விவசாயிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையும் தர வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் குழாயைக் கொடுத்ததோடு நிற்காமல், முதல் போகம் முழுக்க விவசாயியோடு சேர்ந்து நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் வரும் தேதி உறுதியானால், மடையை அடைக்க விவசாயி தயங்கமாட்டார்.