உடல் நலப் பகுதி: நெஞ்சுப் படமும் குறைமாதக் குழந்தையும்



குறைமாதத்தில் பிறந்த மகவின் நெஞ்சை எக்ஸ்-ரே படம் எடுத்து, “நுரையீரலில் மூட்டம் தெரிகிறது” என்று மருத்துவர் கூறியதும் பெற்றோர் கலங்கிவிடுகின்றனர். அப்படம் உணர்த்துவது யாது என இம்மாதம் காண்போம்.

நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள், கருவின் இறுதி வாரங்களிலேயே போதிய அளவு சுரக்கிறது. 1963-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் குறைமாதத்தில் பிறந்து, உடனே ஞானஸ்நானம் பெற்று, 39 மணி நேரமே வாழ்ந்து இக்குறையால் மரித்தான். நாட்டின் தலைவருடைய பிள்ளைக்கும் அன்று தக்க மருந்து இல்லை.

பின்னர்ச் சுவாசக் கருவிகள் பல உயிர்களைக் காத்தன. ஆயினும் புதியதொரு நோயும் தோன்றிற்று. 1967-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து எக்ஸ்-ரே நிபுணர் வில்லியம் நார்த்வேயும் அவருடைய தோழர்களும் 32 குழந்தைகளை ஆராய்ந்து, இந்நோயின் நான்கு படிகளைப் படங்களில் காட்டினர். முதலில் மூட்டம், பின் முழு வெண்மை, அடுத்துக் கடற்பஞ்சு போன்ற துளைகள், ஒரு மாதத்திற்குப் பின் அத்துளைகள் பெரிதாதல். கருவியின் அழுத்தமும் மிகுதியான பிராணவாயுவும் இளம் நுரையீரலைப் புண்படுத்தியிருந்தன.

இன்று, முன்கூட்டியே பிரசவிக்கக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகின்றனர்; அவ்வழுவழுப்புப் பொருளைக் குழந்தையின் மூச்சுக் குழலில் செலுத்துகின்றனர். ஆகையால் 28 வாரம் நிறையாத சிசுக்களும் பிழைக்கின்றன. அவர்களிடம் நோய் பெரும்பாலும் காற்றறைகளின் வளர்ச்சிக் குறையாகவே காணப்படுகிறது. படத்தில் மெல்லிய மூட்டம் மட்டுமே தெரியலாம். நிமோனியாவையும் காற்றுக் கசிவையும் கண்டறியப் படம் இன்றியமையாதது. எனினும் பிள்ளையின் வருங்காலத்தை அதைக்கொண்டு மட்டும் கணிக்க இயலாது. தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி 36 வாரம் ஆனபோதும் குழந்தைக்குப் பிராணவாயு தேவைப்படுகிறதா என்பது சிறந்த அறிகுறி என 1988-இல் கனடா நாட்டு மருத்துவர்கள் காட்டினர்.

இத்தகைய பிள்ளைகளை முதல் இரண்டாண்டுகளில் சளியும் இருமலும் மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லக்கூடும். ஆயினும் பிறந்த பின்னரும் சில ஆண்டுகள் புதிய காற்றறைகள் உண்டாகின்றன. நம்பிக்கைக்கு இதுவே அடிப்படை. அவ்வளர்ச்சிக்கு உதவுவது குடும்பத்தின் கடமை:

தாய்ப்பால் தவறாது ஊட்டுங்கள். அடுப்புப் புகை, பீடி, சிகரெட், கொசுவத்தி ஆகியவற்றை விலக்குங்கள். குளிப்பாட்டியபின் சாம்பிராணி காட்டும் வழக்கமும் வேண்டாம். சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்கலாகாது. தடுப்பூசிகளைப் பிறந்த தேதியைக் கணக்கிட்டே போடுங்கள். பால் குடிக்க இயலாமை, விலாவின் கீழ் குழி விழுதல், உதடு நீலமாதல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

இந்நோய்க்கு ஆளான குழந்தைகள் வாலிபப் பருவம் எய்தியபின், பெரும்பாலோரிடம் சுவாசக் குறை ஓரளவு எஞ்சியிருந்ததை 1990-இல் நார்த்வே குழுவினர் வெளியிட்டனர். எனவே பிள்ளை வளர்ந்த பின்னும் இவ்வரலாற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். புகைப்பழக்கம் அவனை அணுகாமல் காத்திடுங்கள்.

மூச்சுக் குறைந்து வந்த மகவும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த செல்வமே. படத்திலுள்ள நிழலைக் கண்டு மனந்தளராது, அதன் ஒவ்வொரு மூச்சையும் பேணுவோமாக.