சித்தப்பா ஒரு செங்கல்லும் தூக்கவில்லை

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் பாரம்பரியக் கூட்டம். பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் என்று பேசிக்கொண்டே போனார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறிய பெருமை வேறு. எனக்கு ஆத்திரம். எழுந்து, "இந்த மாதிரி சுவருக்குச் சாந்துச்சட்டி சுமந்தவங்க எங்க சனம். நாங்க இல்லாட்டி இந்த வீடு ஏது?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். அவர்களே கைதட்டினதும்தான் எங்கேயோ இடிக்குதே என்று பட்டது.

ராத்திரி அப்பத்தாவிடம் சொன்னேன். வெத்தலையை இடிச்சுக்கிட்டே, "அப்ப உன் சித்தப்பன்?" என்றாள்.

சித்தப்பாவுக்குச் சின்ன வயசிலேயே கால் சூம்பிப் போச்சு. திண்ணையிலேயே இருந்து திண்ணையிலேயே செத்தார். ஒரு செங்கல் தூக்கியதில்லை, ஒரு பாய் முடைந்ததில்லை. நன்றாகச் சிரிப்பார், அவ்வளவுதான். அவரை ஒருநாள் தூக்கிக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார வைத்தோம். அவருக்கும் தனிக்குவளைதான். இவன் என்ன வேலை பார்த்தான், பார்க்கலை என்று கேட்டா அந்தக் குவளையை நீட்டினான்?

1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகள் போட்டதை ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். நம்ம சீமையும் அப்போது அந்த ஜில்லாதான். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் வீட்டில் புழங்கக் கூடாது. (இன்றைக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளை அண்டாவுக்குப் பேசுகிற விலையைப் பாருங்கள்!) மீறினவர்களின் குடிசைகள் எரிந்தன. மறு வருஷம் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரருக்கு அடிமை வேலை செய்ய வேண்டும்.

கவனியுங்கள் தோழர்களே. நம் உழைப்பை அவர்கள் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. சட்டம் போட்டே கேட்டார்கள். வேண்டாமென்றது ஆளை. அப்புறம் நாம் போய் 'நாங்கள்தானே கட்டினோம்' என்று நின்றால், அவர்கள் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதையே திரும்பச் சொல்லுகிறோம். கைவண்ணம் என்று நம் கையைப் புகழ அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அந்தக் கையைப் பிடிக்கத்தான் கூசுது.

1927இல் மகாடு குளத்துக்குப் போன அம்பேத்கர், குளம் வெட்டின கூலிக்கணக்கு காட்டவில்லை. மற்றவர்களைப்போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்றார். கண்டதேவியில் 1998இல் தேர்வடத்தைத் தொட உரிமை கேட்டதும் தேருக்கு எத்தனை ஆணி அடித்தோம் என்ற கணக்கில் அல்ல.

பறையைக் கலை என்று மேடையேற்றி, பறை அடிக்கத் தெரியாத பையனை 'நீயெல்லாம்' என்று பார்க்கிற நம்மாட்களும் இருக்கிறார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான துண்டறிக்கை என்னிடம்தான் திருத்த வந்தது. 'இந்த மாளிகைகளைக் கட்டிய கைகளுக்கு மரியாதை கொடு' என்பது முதல் வரி. 'கட்டிய கைகளுக்கு' என்பதை அடித்துவிட்டு 'எங்களுக்கு' என்று போட்டேன். வேகம் குறைந்துவிட்டது என்று இரண்டு தோழர்கள் கோபத்தில் இருக்கிறார்கள். வரட்டும், அப்பத்தா வீட்டுத் திண்ணையில் வைத்துப் பேசிக்கொள்ளலாம்.